காணிக்கையை வைத்துவிட்டு எழ வேண்டியவர் யார்?

அன்புள்ள ஐயா,

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது, எனக்கென்று அப்பா வைத்திருந்த காணியை அண்ணா தன் பெயரில் உறுதி முடித்து விற்றுவிட்டார். இப்போது தன் மகளின் கலியாணத்துக்கு அழைப்பிதழோடு வந்து போயிருக்கிறார். எனக்கு வெறுப்பு இல்லை; ஆனால் அவரை நம்ப முடியவில்லை. 'காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு' என்ற வசனம் உறுத்துவதால், பாலையூற்றில் பூசை கண்டும் நற்கருணை வாங்காமல் திரும்புகிறேன்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வசனம். மத்தேயு 5:23இல் இயேசு பேசுவது, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தவனிடம். அப்படியானால் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து வர வேண்டியவர் உங்கள் அண்ணா. உங்களுக்குரியது மாற்கு 11:25: செபிக்க நிற்கும்போது எவர்மீதாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்பது. அது நின்ற இடத்திலேயே செய்யக்கூடியது. வெறுப்பு இல்லை என்று எழுதும் நீங்கள் அதில் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை வேறு. பழைய ஏற்பாட்டில், 17 வயதில் அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பு, எகிப்தில் பிறந்த தலைமகனுக்கு, தன் துன்பத்தையும் தந்தை வீட்டையும் கடவுள் மறக்கச் செய்தார் என்று மனாசே எனப் பெயரிட்டார். (உண்மையில் மறந்தவர், பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்படியா பெயர் வைப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.) இருபது ஆண்டுகளுக்கு மேலாகி, எகிப்தின் ஆளுநராகிவிட்ட தன்னை அடையாளம் தெரியாமல் தானியம் வாங்க வந்து நின்ற அண்ணன்மாரை அவர் உடனே கட்டித் தழுவவில்லை. ஒற்றர்கள் என்றார், அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தார், கடைசித் தம்பி பென்யமினின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்து வைக்கச் செய்து, அது அகப்பட்டவன் தனக்கு அடிமை என்றார். இடையிடையே அப்பால் போய் அழுதும் வந்தார். அன்று தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இளையவனுக்குப் பதிலாக நானே அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் 'நான் யோசேப்பு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அதன்பின் 17 ஆண்டுகள் அவர் நிழலில் பிழைத்தும், தந்தை கண்மூடியதும் அண்ணன்மார் மறுபடி பயந்தார்கள்; அதைக் கேட்டு அவர் அழுதார்.

அழைப்பிதழோடு வந்த அண்ணா காணியைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. சொல்லவில்லையெனில் கலியாணத்துக்கு முன்பே நீங்கள் கேட்கலாம். லூக்கா 17:3, மன்னிக்கச் சொல்லுமுன் கடிந்துகொள்ளச் சொல்கிறது. நற்கருணை பற்றி உங்கள் பங்குத்தந்தையிடம் ஒருமுறை பேசுங்கள். அண்ணாவின் பதிலுக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.