பாக்குவெட்டி போலொரு கருவி: வயதைச் சொல்வது எப்படி?

கேள்வி: பழைய பெட்டியில் பாக்குவெட்டி போன்ற இரும்புக் கருவி ஒன்று கிடைத்தது. தோட்டாவை மறுபடி நிரப்பப் பயன்படுவதாம். அதில் 1884 என்று காப்புரிமை ஆண்டு இருக்கிறது. அதைக் காட்டித் தரகர் பெரிய விலை சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். காப்புரிமை ஆண்டு என்பது உரிமை வழங்கப்பட்ட ஆண்டு மட்டுமே. அதே முத்திரையோடு பல ஆண்டுகள் கருவிகள் வெளிவந்தன. ஏலப் பட்டியல்களும் காப்புரிமை ஆண்டையே செய்த ஆண்டாகக் காட்டும் தவறைத் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன, திருத்துவார் இல்லை.

கருவியின் முத்திரைமேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள், எழுத்து தெரியும். உங்கள் வர்ணனைப்படி அது ஐடியல் கருவியாக இருக்கலாம். அமெரிக்காவில் ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1910-இல் மார்லின் துப்பாக்கி நிறுவனத்திடம் போனது, 1925-இல் லைமன் நிறுவனத்திடம். 'நியூ ஹேவன்' என்று ஊர்ப் பெயர் இருந்தாலே பார்லோ காலம் என்று குதிக்காதீர்கள், மார்லினும் அதே ஊர்தான். 'ஐடியல்' என்ற பெயரும் போதாது. லைமன் வாங்கிய பிறகும் அந்தப் பெயரை விடாமல் வைத்திருந்தார்கள். லைமனின் ஊரான 'மிடில்ஃபீல்ட்' என்று கண்டால் அது லைமன் காலம், தரகர் என்ன சொன்னாலும் சரி.

ஈயக் குண்டு வார்க்கும் அச்சு தனியாக இருந்தால் எண்ணைப் பாருங்கள். 311291 என்றால் முதல் மூன்று இலக்கம் விட்டம், 0.311 அங்குலம், மிச்சம் குண்டின் வடிவ எண். பழைய அச்சில் 3118 என்றிருப்பதே பிற்காலத்தில் 311008 ஆனது. ஆகவே இலக்கம் குறைவாக இருப்பது குறையல்ல, பழமைக்கு நல்ல அறிகுறி.

மேசையில் பொருத்தித் தோட்டா நிரப்பும் அழுத்தியில் (பிரஸ்) 7/8 அங்குலத் துளையும், அங்குலத்துக்கு 14 திருகு மரையும் இருந்தால் அது இன்றும் புழங்கும் அளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சே வேண்டாம்.

வேறு வேறு கருவிகளின் துண்டுகளைச் சேர்த்து 'முழு செட்' என்று விற்பவர்கள் உண்டு. அச்சை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு பாதிகளுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் அவை ஜோடியில்லாதவையாகவோ தேய்ந்தவையாகவோ இருக்கலாம். கைப்பிடியில் உள்ள தோட்டா அளவும் அச்சின் அளவும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

கம்பி பிரஷ், மணல்தாள் இரண்டும் கூடாது. எஞ்சிய நிக்கல் முலாமும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். மென்மையான துணி, ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

பெட்டியில் வெடிமருந்து டின்னோ, தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமரோ இருந்தால் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள். உரிமம் உள்ளவரிடமோ காவல்துறையிடமோ சொல்லுங்கள்.