311ஆல வகுத்தா மீதி 35

கேள்வி: ப்ரோக்ராம்ல ஒரு நம்பரைக் கூட்டிக்கிட்டே போனா 2147483647 வந்ததும் அடுத்தது மைனஸ்ல போயிடுது. எங்க சார் அது கம்ப்யூட்டரோட லிமிட்னு சொல்லிட்டார். கணக்குல இந்த நம்பருக்கு வேற ஏதாவது விசேஷம் இருக்கா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நிறைய இருக்கும்மா. 31 ரெண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றதுதான் இது, 32 பிட்ல ஒரு பிட்டை ப்ளஸ்ஸா மைனஸான்னு காட்ட ஒதுக்கிட்டு மீதி 31லயும் ஒண்ணு நிரப்பினா இந்த நம்பர்தான், அதனால சார் சொன்னது சரி. ஆனா எனக்குப் பிடிச்சது வேற, 214 கோடிக்கு மேல போற இந்த நம்பர் ஒரு பகா எண், அதைக் கையாலயே நிரூபிச்சிருக்காங்க!

31க்குப் பதிலா 2, 3, 5, 7னு ரெண்டுக்குப் பவர் போட்டு ஒண்ணு கழிச்சா 3, 7, 31, 127 வருது, எல்லாம் பகா எண். அப்படியே நம்பிடாதீங்க, 11 போட்டா 2047, அது 23ஐ 89ஆல பெருக்கினது, உடைஞ்சிடுச்சு. ஆனா அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் பாருங்க, 23ல ஒண்ணு போனா 22, 89ல ஒண்ணு போனா 88, ரெண்டுமே 22ஆல, அதாவது 11ஓட டபுளால வகுபடுது. இது தற்செயல் இல்ல, பவர் ஒத்தைப்படை பகா எண்ணா இருந்தா எந்தத் துண்டும் இப்படித்தான் அமையணும். அப்போ 31க்கு? 62ஆல வகுத்தா மீதி 1 வர்ற நம்பர்தான் நம்ம நம்பரை உடைக்க முடியும். இன்னொரு விதியும் இருக்கு, 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வரணும்.

கணித மேதை ஆய்லர் பிடிச்சது இதைத்தான். வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரைக்கும் பார்த்தா போதும், ரெண்டு விதியையும் தாண்டி வர்றது வெறும் 373 நம்பர், அதுலயும் பகா எண்ணா இருக்கறதை மட்டும் வகுத்துப் பார்த்தா முடிஞ்சுது. 63, 249 ரெண்டும் பகு எண், தள்ளிடலாம். முதல் நிஜமான சோதனை 311தான், வகுத்தா 6905092 தடவை போய் மீதி 35 நிக்கும். அடுத்தது நேரா 1303க்குத் தாவுது, அங்க மீதி 226. நானே பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், நீங்களும் போடுங்க, இந்த ரெண்டு வகுத்தலைப் போட்டாலே அந்த மனுஷன் மேல மரியாதை வரும். 1772ல இந்த முடிவு வெளிவந்தப்போ அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுசாவே போயிருந்தது.

இன்னொண்ணு. 6ஓட வகுத்திகள்ல அந்த 6ஐ விட்டுட்டா 1, 2, 3, கூட்டினா அதே 6 வருதில்ல, அதை பெர்ஃபெக்ட் நம்பர்னு சொல்வாங்க. நம்ம நம்பரை 30 ரெண்டுகளால பெருக்கினா 2305843008139952128, அதுவும் அதே ஜாதி. 1811ல பீட்டர் பார்லோங்கற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதைவிடப் பெரிய பெர்ஃபெக்ட் நம்பரை யாரும் கண்டுபிடிக்கவே போறதில்லன்னு எழுதினார். ஆனா 1876ல பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் 127 ரெண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்ச 39 இலக்க நம்பர் பகா எண்ணுன்னு காட்டிட்டார், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமத்தான். அதை 126 ரெண்டுகளால பெருக்கினா இன்னும் பெரிய பெர்ஃபெக்ட் நம்பர், பார்லோ சொன்னது தப்பாப் போச்சு.