பேஸ்பால் தெரியாதவன் வெளியூர் ஆட்டத்துக்குப் போகலாமா? போய் வந்தவனின் பதில்

கேள்வி: சிகாகோ பக்கம் வந்து ஆறு மாதம் ஆகிறது. அலுவலக நண்பர் மில்வாக்கிக்குப் பேஸ்பால் ஆட்டம் பார்க்கக் கூப்பிடுகிறார். எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு நாளை இப்படி வீணாக்கலாமா?

போங்கள்.

‘வீணாக்கலாமா’ என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன். அந்தச் சொல்லை என் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தப் பதிலை எழுத வைக்கிறது.

துணி துவைப்பது, மாவரைப்பது, ஊரோடு வீடியோவில் பேசுவது என்றே உங்கள் சனி, ஞாயிறு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். நானும் எட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இங்குள்ள ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

கோவையில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன் ஒருவன் இங்கே இருந்தான். இருவரும் சிவில் படித்துவிட்டு, ஊரே போன வழியில் மென்பொருளுக்கு வந்தவர்கள். ஒரு ஜூன் மாதம் அவனுக்கு வேலை போனது. எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். முப்பத்தைந்தாவது நாள் அவன் மனைவி எனக்கு அழைத்தார். “அண்ணா, இவரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். விடிந்தால் லேப்டாப், இருட்டினால் லேப்டாப். சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.”

வியாழக்கிழமை மதியம் மில்வாக்கியில் பிரூவர்ஸ் அணிக்கும் சிகாகோவின் கப்ஸ் அணிக்கும் ஆட்டம். சிகாகோவில் கப்ஸ் டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மில்வாக்கியில் அதைவிடக் குறைவு, காரில் இரண்டு மணி நேரம்தான். சிகாகோக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போவதற்கு இதுதான் காரணம். இரண்டு அணிக்கும் நீலச் சட்டை என்பதால் யார் எந்தப் பக்கம் என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

புறப்படும்போதே ஒரு தொல்லை. அந்த ஸ்டேடியத்தைச் சுற்றிக் கார் நிறுத்தும் திடல்கள் பரந்து கிடக்கின்றன. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே வந்து, கார் டிக்கியைத் திறந்துவைத்துக் கரி அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது ஊர் வழக்கம். டெயில்கேட் என்பார்கள். அதற்கு ஐஸ் பெட்டி வேண்டும். என்னிடம் நல்ல பெட்டி ஒன்று இருந்தது. அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு மோர் வைக்க வேண்டும் என்று ஒரு சங்கத்தார் இரவல் வாங்கிப்போய், மூடி விரிசல் விட்டு, கைப்பிடி ஒன்று இல்லாமல் மார்ச் மாதம் திருப்பித் தந்தார்கள். கேட்டால், “முன்பே அப்படித்தான் இருந்தது” என்று பதில். பொது வேலைக்குப் பொருள் கொடுப்பவன் இளிச்சவாயன் என்று அன்று முடிவு செய்தேன். சங்கங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் கைப்பிடி எங்கே?

எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, விரிசல் மூடிக்கு டேப் ஒட்டிக் கிளம்பினோம். கெனோஷா அருகே நெடுஞ்சாலையோரம் கோட்டை வடிவில் ஒரு சீஸ் கடை இருக்கிறது. அங்கே சீஸ் கர்ட் என்ற சிறு பாலாடைக்கட்டித் துண்டுகளை வாங்குங்கள். புதிதாக இருந்தால் பல்லில் கிரீச்சென்று சத்தம் போடும். அவ்வளவு தூரமும் அவன் பேசவே இல்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தான்.

திடலில் பக்கத்துக் காரில் ஒரு வயதான தம்பதி. பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்த பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சியைக் கரியில் வாட்டி இவனுக்கு ஒன்று நீட்டினார்கள். நான் சைவம் என்றதும் அந்த அம்மாளுக்கு உண்மையாகவே வருத்தம். பதிலுக்கு எங்கள் வறுவலைக் கொடுத்தோம். அந்தப் பெரியவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் ஒரு முறை பேட்டிங், மூன்று பேர் அவுட்டானால் மாற வேண்டும். அடித்த பந்து ஆடுகளக் கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், கிரிக்கெட்போல நின்று யோசிக்க முடியாது. கேலரிக்கு வரும் பந்தைத் திருப்பித் தர வேண்டாம், பிடித்தவருக்கே சொந்தம். இவ்வளவு போதும், மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே சொல்லிக் கொடுப்பார். சலிப்பூட்டும் ஆட்டம் என்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். பந்து எறிய நேரக்கட்டுப்பாடு 2023இல் வந்த பிறகு, மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்குள் முடிகிறது. நடுவே தொத்திறைச்சி வேடமிட்ட ஐந்து பேர் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். உள்ளூர் அணி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் மஞ்சள் மீசை வைத்த ஒருவர் சறுக்குமரத்தில் இறங்குவார். கோமாளித்தனம்தான். நம் ஐபிஎல்லில் இல்லாததா?

நான்காவது இன்னிங்ஸில் தூறல் விழுந்தது. தலைக்கு மேல் கூரை நகர ஆரம்பித்தது. விசிறியை விரிப்பதுபோல இரண்டு பக்கமும் பலகை பலகையாக வந்து பத்து நிமிடத்தில் மூடிக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. என் நண்பன் மட்டும் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தான்.

“மாப்பிள்ளை, கூரை சுழலும் அந்த முளையைப் பார். பேட்டிங் செய்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாப் பலகையும் அங்கேதான் திரும்புகிறது. அந்தக் கோடியில் தண்டவாளத்தில் சக்கரம்.”

பதினைந்து வருடமாகக் கணினித் திரையைத் தவிர எதையும் பார்க்காதவன், ஆட்டத்தை மறந்து அரை மணி நேரம் கூரையைப் பற்றிப் பேசினான். மூன்றாமாண்டு ஸ்ட்ரக்சர்ஸ் (கட்டமைப்பு) பாடத்தில் என்னைத் தன் விடைத்தாளைப் பார்த்து எழுதவிட்டவன் இவன்தான். அது நினைவுக்கு வந்தது.

அப்போது வேலை விஷயமாக அவனுக்கு ஓர் அழைப்பு. வெளித் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

“என்னவாம்?”

“விசா என்றதும், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.”

உட்கார்ந்து மீதமிருந்த சீஸ் கர்ட்டைத் தின்றான். நானும் எதுவும் சொல்லவில்லை. பேஸ்பால் பார்ப்பதில் ஒரு வசதி இதுதான். இருவரும் முன்னால் பார்த்தபடியே இருக்கலாம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் தொழிலாளர்களின் வெண்கலச் சிலை. ஸ்டேடியம் கட்டும்போது அந்தக் கூரையின் 400 டன்னுக்கு மேற்பட்ட ஒரு பகுதியைப் பலத்த காற்றில் தூக்கியபோது ராட்சத கிரேன் சரிந்தது. 1999 ஜூலை 14 அன்று மூன்று இரும்புத் தொழிலாளர்கள் இறந்தார்கள், ஸ்டேடியத் திறப்பு 2001க்குத் தள்ளிப்போனது. நண்பன் அங்கே வெகுநேரம் நின்றான். “காற்று வேகத்தைப் பார்த்துவிட்டு யாராவது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்” என்றான். திடல் காலியாகும்வரை நின்றோம். வாகன நெரிசலாவது குறைந்தது.

ஸ்கோர் கேட்காதீர்கள், நினைவில்லை.

அந்த வார இறுதியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு பெரிய மனிதர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “வேலை போன நேரத்தில் ஆட்டமா? இருக்கிற நாளை வீணாக்குகிறார்கள்.” டிக்கெட்டும் பெட்ரோலும் என் செலவு. அதற்குள் அவன் இருநூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்திருந்தான். இதையெல்லாம் அன்று சொல்லவில்லை, பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

52ஆவது நாள் ஒஹாயோவில் ஒரு சிறிய நிறுவனம் அவனுக்காக மனு போட்டது. சம்பளம் குறைவு. பேஸ்பால் பார்த்ததால் கிடைத்தது என்று சொல்கிற அளவுக்கு நான் மடையனல்ல.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: காலை ஒன்பதுக்கே கிளம்புங்கள், கார் நிறுத்தக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துங்கள், கூரை திறந்திருந்தால் வெயில் கழுத்தின் பின்புறம் பொசுக்கும், தொப்பி அவசியம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஐஸ் பெட்டியை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், இப்போதெல்லாம் நான் யாருக்கும் தருவதில்லை.