கேளுங்கள், சொல்கிறோம்: டூரிஸ்ட்டாக வந்தால் போதுமாம்!

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுக்கும் சிறு கம்பெனி நடத்துகிறேன். முழுக்க உள்ளூர்ப் பங்கு, பெய்ட்-அப் மூலதனம் (பங்குதாரர்கள் செலுத்திய முதல்) 100,000 வெள்ளி (ரிங்கிட்). கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியரை 4,500 வெள்ளி சம்பளத்தில் எடுக்க ஆசை. "முதலில் டூரிஸ்ட்டாக வரட்டும், வந்த பிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜெண்டு. நம்பலாமா?

பதில்: ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிழைத்தீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் இருப்பது உண்மைதான், ஆனால் அது பத்துமலை பார்க்க, ட்ரோனைத் தொட இல்லை. செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அப்போது ஏஜெண்டு போனை எடுக்க மாட்டார்.

சரி, நேர்வழிக்கு வருவோம். உங்களுக்குத் தேவை எம்ப்ளாய்மெண்ட் பாஸ், அதாவது வெளிநாட்டு நிபுணரை வேலைக்கு வைக்கும் அனுமதி. லெவி என்ற ஆள்வரி கட்டித் தோட்டத்துக்கு ஆளெடுக்கிற பெர்மிட் வேறு, இது வேறு, நம் டவுன் டீக்கடையில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம். இதில் ஆளுக்கு முன்னால் கம்பெனிக்குத்தான் பரீட்சை: குடிநுழைவுத் துறையில் வெளிநாட்டு நிபுணர் பாஸ்களைக் கவனிக்கும் இ.எஸ்.டி. தளத்தில் முதலில் கம்பெனியைப் பதிய வேண்டும், முழு உள்ளூர்க் கம்பெனி என்றால் பெய்ட்-அப் 250,000 வெள்ளி கேட்பார்கள். உங்கள் எஸ்.எஸ்.எம். (கம்பெனிப் பதிவு ஆணையம்) தாளில் அந்த வரியில் 100,000 என்று இருக்கும்வரை இன்ஜினியரின் சர்டிபிகேட்டில் தங்கப் பதக்கமே இருந்தாலும் நகராது.

அப்புறம் சம்பளம். அதை வைத்துத்தான் இந்தப் பாஸை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். 3,000 வெள்ளிக்கே மூன்றாம் பிரிவுப் பாஸ் கிடைத்த காலம் ஒன்று இருந்தது, உங்கள் 4,500 அந்தக் காலத்துக் கணக்கு. 2026 ஜூன் 1 முதல் மூன்றாம் பிரிவே 5,000-இல்தான் தொடங்குகிறது, இரண்டாவது 10,000, முதலாவது 20,000. மூன்றாம் பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டுதான், அதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவரை அந்த வேலைக்குத் தயார்படுத்தும் திட்டத்தையும் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு மேல் முதலாளி பங்காக இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) 2 விழுக்காடும் உண்டு, 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் அது கட்டாயம்.

என்னைக் கேட்டால், மூலதனத்தை ஏற்றுகிற வரை மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் ஒரு விளம்பரம் போட்டுப் பாருங்கள். பாஸ் கேட்கும்போதும் அந்த விளம்பரம் தேவைப்படலாம். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே முடித்த பிள்ளை யாராவது 4,500-க்கு ஓடி வரலாம்.

கேள்வி: வேறு கம்பெனி பாஸில் கோலாலம்பூரில் வேலை செய்யும் இந்திய நண்பர், சனி ஞாயிறு வந்து எங்கள் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா? (தாப்பா வாசகர்)

பதில்: கூடாது. அந்தப் பாஸ் அந்த முதலாளிக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான். டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனம் வழியாக 10 ஆண்டு ரெசிடென்ட் பாஸ் வாங்கியவர் என்றால் கதை வேறு, முதலாளியை மாற்றினாலும் பாஸ் அவரிடமே இருக்கும். இரண்டில் எந்தப் பாஸ் என்று அவரையே கேட்டுவிட்டு எழுதுங்கள்.