கிட்டங்கி நகரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பின்லாந்தின் எஸ்போவில் வேலை பார்க்கிறேன். எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில் போன சனி, ஞாயிறு மனைவியோடு போய் வந்தேன். ஹெல்சின்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஊர் சினிமா செட் மாதிரி இருந்தது. மத்தியகால வேஷம் போட்ட பையன் வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிறான். உங்களுக்கு அதில் என்னதான் பிடித்தது?

ர., எஸ்போ

அன்புள்ள ர.,

அந்த மாதிரி ஒரு பையனிடம் நானும் மாட்டினேன். சூப் நன்றாகத்தான் இருந்தது. விலை மட்டும் இந்த நூற்றாண்டு விலை.

சதுக்கத்தோடு திரும்பினால் செட் மாதிரிதான் தோன்றும். பிக் தெருவிலோ லாய் தெருவிலோ நடந்தபோது அண்ணாந்து பார்த்தீர்களா? பழைய வீடுகளின் முகப்பு உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு கட்டை தெருப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே ஜன்னல் மாதிரி ஒன்று. ஜன்னல் இல்லை, கதவு. அத்தனை உயரத்தில், படியே இல்லாத கதவு. மூட்டையைக் கயிற்றில் கட்டி, கப்பி வைத்து இழுத்து, உள்ளே தள்ளுவதற்கு. கீழே குடும்பம், மேலே சரக்கு. வீட்டின் பெரும்பகுதி சரக்குக்குத்தான். கிட்டங்கிக்குள் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து உப்பு வந்து இறங்கும். ரஷ்யப் பக்கமிருந்து வரும் மெழுகும் மிருகத்தோலும் கப்பலேறும். உப்பின் மேல் கட்டிய ஊர் என்றே சொல்வார்கள்.

வியாபாரிகள் கீழே, பிரபுக்கள் தூம்பியா குன்றின் மேல் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஆகாது. ராத்திரியானால் நடுவில் கதவைச் சாத்திவிடுவார்கள். 1878 வரை மேலூருக்கும் கீழூருக்கும் தனித்தனி நிர்வாகம். உங்களுக்கு செட் மாதிரி தெரிந்த கீழூர், கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர்களின் ஊர்.

எவ்வளவு கறாரான கணக்கு என்று தெரிய நிகுலிஸ்டே தேவாலயத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போது மியூசியம் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 1524ல் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தக் கூட்டம் ஊரிலுள்ள தேவாலயங்களை அடித்து நொறுக்கியபோது, இங்கே மட்டும் பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டார்களாம். சாமான் தப்பியது. வியாபாரி மூளை!

டி க்ரோய் என்று ஒரு பிரபு. 1700ல் நார்வா போரில் ரஷ்யப் படைக்குத் தலைமை தாங்கி, ஸ்வீடன்காரர்களிடம் பிடிபட்டு, 1702ல் இந்த ஊரில் கடனோடு செத்துப்போனார். கடன் கொடுத்தவர்கள் புதைக்க விடவில்லை. உடல் அழுகாமல் காய்ந்து, இந்தத் தேவாலயத்திலேயே கிடந்தது. ஜனங்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாக அடக்கம் செய்தது 1897ல்.

அதே கட்டடத்தில் பெர்ன்ட் நோட்கே வரைந்த மரண நடனம் இருக்கிறது. எலும்புக்கூடுகள் போப்பையும் சக்கரவர்த்தியையும் கைபிடித்து ஆட இழுக்கின்றன. துணியில் தீட்டிய நீளமான ஓவியம், மிஞ்சியது தொடக்கத் துண்டு மட்டும். அது ராஜாவோடு நின்றுவிடுகிறது. வியாபாரியின் முறை வருவதற்குள் துணி முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னதிலும் பாதி சரி. 1944 குண்டுவீச்சில் அந்தத் தேவாலயமே எரிந்தது. இன்று நாம் பார்ப்பது திருப்பிக் கட்டியது. ஓவியத்தை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

அடுத்த தடவை ஜனவரியில் போங்கள். கூட்டம் இருக்காது. குளிரில் அந்தப் பையனும் உள்ளே போய்விடுவான்.