பனியில் சைக்ளோகிராஸ்: பிட் மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கேள்வி: சைக்ளோகிராஸில் மெக்கானிக்குக்கு அப்படி என்ன வேலை? பஞ்சர் ஆனால்தானே கூப்பிடுவார்கள்?

சைக்ளோகிராஸ் என்பது புல், சேறு, பனி என்று கரடுமுரடான தரையில் சுற்றுச் சுற்றாக ஓடும் சைக்கிள் பந்தயம். இதில் பஞ்சர் அபூர்வம். வண்டி மாற்றுவதுதான் வேலையே. ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கி.மீ. இருக்கும். பிட்டில், அதாவது தடத்தின் ஓரம் மெக்கானிக் மாற்று வண்டியோடு நிற்கும் இடத்தில் மட்டும்தான் வண்டியை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான தடங்களில் ஒரே பிட்டை இருபுறமும் தொடுவதுபோலப் பாதை போட்டிருப்பார்கள். சுற்றுக்கு இரண்டு தடவை வீரர் உங்களைக் கடப்பார். அழுக்கு வண்டி கைக்கு வந்த மூன்று, நான்கு நிமிடத்தில் அது மறுபடி ஓடத் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: பனித்தரையில் ஆணி வைத்த டயர் போடலாமா? காற்று எவ்வளவு?

ஆணிக்கு யூசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) விதியில் இடமில்லை. டயர் அகலமும் 33 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. மிச்சமிருப்பது காற்றழுத்தம் ஒன்றுதான். எடை குறைந்தவர் 15 பிஎஸ்ஐ, 70 கிலோ வீரர் 17, 18 என்று தொடங்கிப் பார்க்கலாம். இவ்வளவு குறைத்தால், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் வளைவில் விளிம்பு விலகிக் காற்றைத் துப்பிவிடும். ரிம்மில் பசையால் ஒட்டிய டியூப்லர் டயர் தாங்கும். ஆனால் பசையை அறை வெப்பத்தில், போட்டிக்கு ஓரிரு நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: 20 டிகிரி அறையில் 18 பிஎஸ்ஐ அடித்த டயரை மைனஸ் 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 15தான் காட்டும். சக்கரங்களை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, அப்புறம் அளந்து சரிசெய்யுங்கள்.

கேள்வி: கியர் உறைந்துபோகாமல் தடுப்பது எப்படி?

பனியால் கியர் உறைவதில்லை, தண்ணீரால் உறைகிறது. மைனஸ் 5 டிகிரியில் உலர்ந்த பனி தட்டினால் கொட்டிவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்தான் வேதனை: பனி உருகிக் கேசட்டுக்குள் (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கு) புகும், காற்று பட்டதும் இறுகும், செயின் பல் தாண்டும். 2021 டிசம்பரில் இத்தாலியின் வால் டி சோலேயில் உலகக் கோப்பைச் சுற்று முழுக்கப் பனித்தடத்தில் நடந்தது. அது முதல் வகை. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில்லில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் காலையில் உறைந்து கிடந்த தரை, நேரம் ஏற ஏறச் சேறானது. முன்னதற்குத் தூரிகை போதும், பின்னதற்கு வாஷர் (நீரைப் பீய்ச்சிக் கழுவும் கருவி) வேண்டும்.

அதனால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். மைனஸ் 3க்குக் கீழே என்றால் தண்ணீரைத் தொடாதீர்கள். கெட்டித் தூரிகை, ஒரு மரக்குச்சி, உலர்ந்த துணி. கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் வரிசை முக்கியம்: கழுவியதும் வண்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டி நீரை உதறுங்கள், துடையுங்கள். டெரெய்லரின் (கியர் மாற்றும் கருவி) இரு சிறு சக்கரங்களுக்கும் கேசட்டுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளியுங்கள். அது ஆவியான பிறகே செயினுக்கு எண்ணெய். மாற்றிச் செய்தால் ஆல்கஹால் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு வண்டியைச் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். வீரர் வரும்வரை பெடலைச் சுற்றி எல்லா கியரையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். இறுகிப்போனதில் வெந்நீர் ஊற்றுவோர் உண்டு. உடனே இளகும், அந்த நீரே சற்று நேரத்தில் மறுபடி உறையும்.

பின்சக்கர மையத்தில் மிதிப்பைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகமான ஃப்ரீஹப்பை முந்தைய நாளே திறந்து பாருங்கள். கெட்டியான கிரீஸ் குளிரில் இறுகினால் உள்ளே உள்ள கொக்கிகள் எழும்பாது. வீரர் மிதிப்பார், சக்கரம் நகராது. அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட வேண்டும். பிட்டில் இதற்கு மருந்து கிடையாது.

கேள்வி: எலக்ட்ரானிக் கியர் இருந்தால் கவலை இல்லைதானே?

கேபிள் உறைகிற தொல்லை இல்லை. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். கழற்றக்கூடிய வகை என்றால் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள்.

கேள்வி: பெடலில் சமையல் எண்ணெய் அடிப்பார்களாமே?

உண்மைதான். காலணியின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட்டில் பனி அடைத்தால் காலணி பெடலில் மாட்டாது. அதனால் பெடல், காலணியின் அடிப்பாகம், ஃபிரேமின் கீழ்ப்பகுதி மூன்றிலும் சமையல் எண்ணெய் ஸ்பிரே அடிப்பார்கள். சக்கரங்களைக் கழற்றிவிட்டு அடியுங்கள். ஒரு துளி டிஸ்க்கில் பட்டால் பிரேக் பேட் எண்ணெய் குடித்துவிடும், அந்த பேட் குப்பைக்குத்தான். உலர்ந்த பனிக்கு ரெசின் பேட் போதும். மண் கலந்த சேறு என்றால் உலோக பேட், ஏனென்றால் ரெசின் ஒரே போட்டியில் தேய்ந்து தீரலாம்.

கேள்வி: போட்டி முடிந்த பிறகு?

வாஷரின் பம்ப், குழாய் இரண்டிலும் உள்ள நீரை முழுக்க வடித்துவிடுங்கள். விட்டால் உறைந்து பம்ப் வெடிக்கும். வண்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் சீட் போஸ்ட்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உள்ளே சேர்ந்த தண்ணீர் கீழே இறங்கி, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் பேரிங்கைத் துருவாக்கும்.