கறுப்பு கிரானைட் நிஜமாகவே கிரானைட்தானா?

புதுச்சேரியில் வீடு கட்டும் நண்பர், சமையல் மேடைக்கு வாங்கிய கறுப்பு கிரானைட்டில் ஏன் பெரிய புள்ளிகளே இல்லை என்று கேட்டிருக்கிறார்.

அது கிரானைட்டே இல்லை, கடைக்காரர் வைத்த பெயர். பெரும்பாலும் டோலரைட் என்ற பாறையாக இருக்கும். எரிமலை வழியாக வெளியே கொட்டியிருந்தால் பசால்ட் என்ற பாறை ஆகியிருக்கும் அதே பாறைக்குழம்புதான், மேலே வர முடியாமல் ஆழம் குறைந்த விரிசல்களில் புகுந்து அங்கேயே இறுகிவிட்டது. கற்கண்டை நினைத்துப் பாருங்கள், பாகு மெதுவாக ஆறினால்தான் பெரிய கட்டி. பல கிலோமீட்டர் ஆழத்தில் அதே குழம்பு ஆற அமர உறைந்த காப்ரோ என்ற பாறையில் படிகங்கள் பெரியவை, பசால்ட்டில் கண்ணுக்கே தெரியாது, டோலரைட் நடுவில். அதனால்தான் பெரிய புள்ளிகள் இல்லை. லென்ஸ் வைத்தால் வெளிறிய குச்சி குச்சியான பிளேஜியோகிளேஸ் என்ற கனிமமும், அந்தக் குச்சிகளைச் சூழ்ந்து இடைவெளியை அடைத்த பைராக்சீன் என்ற கரும் கனிமமும் தெரியும். இந்தப் பின்னல்தான் கல்லுக்கு உறுதி. விரிசலின் ஓரத்தில், குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில், படிகங்கள் இன்னும் பொடியாக இருக்கும்.

அப்புறம், இது நம்மூர்க் கல் இல்லை. இங்கே காலுக்கடியில் இருப்பது பக்கத்துத் திருவக்கரையில் கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) கிடக்கிற மாதிரியான மணற்கல்தான். டோலரைட்டுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் போக வேண்டும்.